மெதுவாக நடக்கும் நாட்டில் நீ விட்டு வந்த இடம்

இன்று காலை பிளம்பர் வந்து அடுக்களையைப் புரட்டிப் போட்டுவிட்டார். குழாய் எல்லாம் அரித்துப்போயிற்று, மாற்றாமல் தீராது என்று ஒவ்வொன்றாகக் கழற்றி முற்றத்தில் எறிந்துகொண்டே வந்தவர், கழுவுதொட்டிக்கு மேலே இருக்கும் பித்தளைத் திறப்புக் குழாய், நீ தந்த அந்த டாப்பின் பக்கம் வந்ததும் நின்றார். திறந்து பார்த்தார். மூடிப் பார்த்தார். ஸ்பானரால் மெல்ல ஒரு தட்டு. "இது எங்க வாங்கினது டீச்சரே?" என்றார். இத்தாலி என்றேன். நான் விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்துச் சிரித்தார். பிறகு, "இத தொடண்டாம். வீடு இடிஞ்சு விழுந்தாலும் இது கிடக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனார். அவர் போன பிறகு வேலையற்றவள் மாதிரி நான் அதைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அதற்குப் பிறகு வேறு எதுவும் ஓடவில்லை, உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீ அந்த டாப்பைக் கொண்டுவந்த வருஷம் நினைவிருக்கிறது. ஊரில் எல்லாருக்கும் சாக்லேட், ஒலிவ எண்ணெய், சென்ட். எனக்கு மட்டும் துவர்த்துத் துண்டில் சுற்றிய ஒரு பித்தளைக் கனம். விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்லி, இதைக் கையில் எடுத்து, உன் முகத்தையும் அதையும் மாறிமாறிப் பார்த்தார்களாம். "பாட்டா தந்ததாக்கும். அவருக்க பட்டறையில செஞ்சது. நீ பிள்ளைகளுக்கு பாடம் எடுக்கும்போ இத காணிச்சு எடு" என்றாய். ஒரு டாப்பைக் காட்டிப் பொருளாதாரம் எடுத்தால் பிள்ளைகள் என்னை என்ன சொல்வார்கள் என்று கேட்டேன். "எடுத்துப் பாரு, அப்பறம் சொல்லு" என்றாய்.

நம் ஊரில் தாத்தாவைக் கூப்பிடுகிற பாட்டா என்ற பேரை, வடக்கு இத்தாலியில் ஒரு மலையடிவார ஊரில் சக்கர நாற்காலியில் இருந்த அந்த வெள்ளைக்காரக் கிழவருக்கு நீ வைத்தாய். அவரும் அதை ஏற்றுக்கொண்டு, நீ கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தார். பி.ஏ. பொருளாதாரத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவள் நீ. என்னைவிட மார்க்கும் உனக்குத்தான். வீட்டு நிலைமை உன்னை நர்சிங் உதவி வேலைக்குப் படிக்க வைத்து, அங்கே அவரைப் பார்த்துக்கொள்ள அனுப்பியது. நான் மேலே படித்துத் தனுவச்சபுரம் காலேஜில் வாத்திச்சி ஆனேன். இதை வைத்து நீ ஒரு நாளும் மூஞ்சியைத் தூக்கியதில்லை. ஞாயிற்றுக்கிழமை பாட்டா மத்தியானச் சோறு தின்று உறங்கும் நேரத்தில் கூப்பிடுவாய். இங்கே சாயங்காலம். எடுத்த உடனே கேட்பாய்: "இந்த வாரம் என்ன பாடம்?"

அந்த ஒரு பாடத்தைச் சொன்ன அன்று நீ சிரித்த சிரிப்பில் பாட்டா எழும்பிவிட்டார். தொழிலில் முன்னேறி, பணக்கார நாடாகவும் ஆகிவிட்ட ஒரு தேசம், அதற்குப் பிறகு ஏன் ஒரு தலைமுறைக் காலமாக நகராமல் நிற்கிறது என்பது பாடம். புத்தகத்தில் காரணங்கள் வரிசையாக இருக்கும். எடுத்துக்காட்டாக இத்தாலிக்கு ஒரு பகுதியே உண்டு. "எடி, நீ பாடம் எடுக்குத. நான் அந்த பாடத்துக்கு உள்ள இருந்து சூப்பு ஆத்திகிட்டு இருக்கேன்" என்றாய். அன்றிலிருந்து அந்தக் காரணங்களுக்கு ஒவ்வொன்றாக நீ முகம் கொடுக்கத் தொடங்கினாய்.

முதலில் டாப்பு. பாட்டா கல்யாணம் கழித்த காலத்தில் வரைந்த உருவம் அது. அதற்குப் பிறகு அதில் ஒரு வளைவுகூட மாறவில்லை. அந்த ஊரில் இடைவழிக்கு இடைவழி குழாய்ப் பட்டறைதான், எல்லாம் வீட்டோடு சேர்ந்தது, எல்லாம் அப்பனுக்குப் பிறகு மகன். பாட்டாவின் பட்டறையில் ஒரு மேஸ்திரி இருந்தார். வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் தானே பார்த்துக் கலக்கிக் கொடுக்கிற டாப்பு ஒன்றைச் செய்யலாம், அதற்குக் கம்ப்யூட்டரில் ஓடுகிற மெஷின் வாங்க வேண்டும் என்று அவர் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். பாட்டாவின் பதில் எப்போதும் ஒன்றுதான்: இருக்கிறது நல்லா ஓடுகிறதே. அதுவும் உண்மைதான். ஓடாத மெஷின் என்றால் வேறு வழியில்லாமல் மாற்றுவார்கள். நன்றாக ஓடுவதை மாற்றச் சொல்லி ஒரு மனிதரிடம் எப்படி வாதாடுவது என்று நீயே அவர் பக்கம் பேசினாய். நான் என் பக்கத்தைச் சொன்னேன். அந்த நேரத்தில் வேறு நாட்டில் யாரோ அந்தப் புது டாப்பைச் செய்து, விலையையும் குறைத்து விற்றுக்கொண்டிருப்பான் என்றேன். அடுத்த வாரம் நீ கூப்பிட்டு, பாட்டாவின் மகன் வீட்டுக் குளியலறையிலேயே அந்த வேறு நாட்டு டாப்பு இருப்பதைப் பார்த்ததாகச் சொன்னாய். இரண்டு பேரும் சிரித்து வயிறு வலித்தது.

பெரிய ஆர்டர் ஒன்று வந்தபோது பாட்டா பாதியை அடுத்த பட்டறைக்காரருக்குக் கொடுத்துவிட்டார். பெருந்தன்மை என்று நீ உருகினாய். பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஆட்களின் எண்ணிக்கை ஒரு அளவைத் தாண்டினால் சட்டம் வேறு, ஆளை நிறுத்துவதும் எடுப்பதும் வேறு மாதிரி. அந்தத் தலைவலி வேண்டாம் என்று பட்டறையை வேண்டுமென்றே சின்னதாக வைத்திருந்தார். சின்னதாக இருந்ததால் புதிதாக எதையும் சோதித்துப் பார்க்கக் கையில் பலமில்லை. பலமில்லாததால் பெரிதாகவும் முடியவில்லை. "ஆனா ஒவ்வொருத்தனுக்க பிள்ளைக்க பேரும் அவருக்குத் தெரியும் பாத்துக்கோ. பெரிசானா முகம் தெரியாம போயிரும்னு சொல்லுவாரு" என்றாய். எனக்கும் அந்தக் கிழவரைப் பிடித்துப்போயிற்று. வகுப்பில் அவரைப் பற்றிச் சொல்லும்போது பிள்ளைகள் அவரைக் குறை சொன்னால் எனக்குக் கோபம் வந்தது.

பிறகு மகன். நல்ல பையன் என்பாய். காட்டில் காளான் பறிக்கப் போவான், மோட்டார் சைக்கிளைத் துடைப்பான், அப்பனைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு தேவாலயத்துக்குப் போவான். டாப்பு மட்டும் தெரியாது. பட்டறையை யாரிடம் கொடுப்பது என்ற நாள் வந்தபோது, எல்லாம் தெரிந்த மேஸ்திரி இருக்க, பாட்டா மகனை முதலாளி நாற்காலியில் வைத்தார். மேஸ்திரி அதிகம் பேசவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் வேறு நாட்டுக்குப் போய்விட்டார். மகள் இயந்திரப் பொறியியல் படித்தவள். அவள் அதற்கு முன்பே ஜெர்மனிக்குப் போய்விட்டாள், கிறிஸ்துமஸுக்கு வந்து பட்டறையைப் பார்க்காமல் திரும்பிப் போவாள். அன்று நீ சாதாரணமாகப் பேசவில்லை. "அறிவு உள்ளதெல்லாம் ஊர விட்டு போகுது, அன்பு உள்ளது மட்டும் கெடந்து நாற்காலிய தள்ளுது" என்று கத்தினாய். பாட்டா அந்தப் பக்கத்தில் இருந்து என்ன என்று கேட்டாராம். தமிழ்ப் பாட்டு என்று சொல்லிச் சமாளித்தாயாம்.

பாங்கு விஷயத்தில் மட்டும் நான் உனக்கு ஒன்று சொல்லித் தந்தேன், அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். வியாபாரம் படுத்த பிறகும் பாங்கு பழைய கடனைப் புதுப்பித்துப் புதுப்பித்துக் கொடுத்தது, எவ்வளவு நல்ல மேனேஜர் என்றாய். அதே பாங்கு அடுத்த தெருவில் புதிதாகத் தொடங்க வந்த ஒரு பெண்ணுக்கு இல்லை என்று கை விரித்தது. பழைய கடன் வராது என்று எழுதினால் பாங்கின் கணக்கில் ஓட்டை விழும், அதனால் உயிர் போனதை உயிரோடு இருப்பதாகக் காட்டுகிறார்கள், அதில் புதிதாகப் பிறக்க வேண்டியது செத்துப்போகிறது என்றேன். "அப்போ இரக்கம் காட்டினா கேடா?" என்று கேட்டாய். இது இரக்கமில்லை, பயம் என்றேன். அதற்கு நீ, "ரெண்டும் பாக்குததுக்கு ஒரே போலத்தான் இருக்கு" என்றாய்.

அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பிள்ளைகள் இல்லாமல் மூடி, அதையே முதியோர் இல்லமாக மாற்றினார்கள் என்று நீ சொன்ன அன்று நான் திருப்புறம் வழியாகப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். வழியெல்லாம் பெரிய வீடுகள், கேட்டில் பூட்டு, இல்லாவிட்டால் உள்ளே ஒரு கிழவியும் மேலே ஒரு கேமராவும். நாம் தொழில்நாடு ஆகவே இல்லை மக்கா, கிழட்டு நாடு மட்டும் நேராக ஆகிவிட்டோம் என்றேன். நீ சிரித்தாய். பிறகு சொன்னாய், அதை நான் வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்: "இந்த நாட்டுல கெட்டவங்க ஆரும் இல்ல. எல்லாரும் அவங்கவங்க ஆள நல்லா பாத்துக்கிடுவாங்க. அதாக்கும் இதுக்க கேடு."

இனி எழுதப்போவதை எழுதக் கொஞ்சம் தயக்கம் உண்டு. ஆனால் இதைச் சொல்லாமல் உன்னை நினைத்தேன் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும்.

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். வெளிநாட்டில் நல்ல இடத்தில் வேலை செய்கிறவர் விட்டு வரும்போது, அந்த இடத்தில் தன் ஆளை வைத்துவிட்டுத்தான் வரவேண்டும். அக்காள் விட்டால் தங்கை, தங்கை விட்டால் நாத்தூன், புருஷனின் உடன்பிறந்தாள். குடும்பச் சொத்தைப் போல அதற்கும் பங்கு உண்டு. கல்யாணத்துக்கு அழைக்காவிட்டால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், இந்த இடத்தை அந்நியருக்குக் கொடுத்தால் வாசல் மிதிக்க மாட்டார்கள். எனக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்தும் உன் இடம் என் மகளுக்குக் கிடைக்கும் என்று ஆசைப்பட்டேன், ஆசைப்பட வைத்தவள் நீ.

என் ஆரதி நர்சிங் முடித்து நெய்யாற்றின்கரையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், பஸ் கூலி போனால் மிச்சமில்லாத சம்பளத்துக்கு ஓடிக்கொண்டிருந்தாள். நீதான் அவளுக்கு இத்தாலி பாஷை சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாய். நான் பேசி முடித்ததும் போனை அவளிடம் கொடுக்கச் சொல்வாய். அடுக்களையில் நான் மரச்சீனிக் கிழங்கு கிண்டிக்கொண்டிருப்பேன், வாசலில் அவள் வினைச்சொற்களை உருட்டிக்கொண்டிருப்பாள். "இவ வந்தா பாட்டா என்ன மறந்துருவாரு" என்று நீ ஒரு நாள் சொன்னாய். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசவில்லை. ஆனால் ஆரதி ஆஸ்பத்திரியில் நிரந்தர வேலை கேட்காமல் இருந்தாள்.

உனக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்து, ஊருக்கு வருவதாக முடிவான ஞாயிற்றுக்கிழமை, நீ வழக்கத்தைவிடச் சீக்கிரமாகக் கூப்பிட்டாய். நோயைப் பற்றிச் சொல்லி முடித்துவிட்டு, நான் அழுது முடிக்கக் காத்திருந்து, பிறகு சொன்னாய்.

"எனக்க இடத்துக்கு ஷைனிய சொல்லியிருக்கேன்."

ஷைனி உன் அண்ணனின் மருமகள். தையல்காரி. பாஷை தெரியாது, நோயாளியைத் தொட்டதில்லை, பால்குடி மறந்து அதிக நாளாகாத பிள்ளை வேறு.

"ஆரதிக்கு பாஷை தெரியும்" என்றேன்.

"தெரியும். அவ நல்லா செய்வா. ஷைனி அங்க போய் அழுவா, பாட்டாவ தூக்க பயப்படுவா. எல்லாம் எனக்குத் தெரியும் மக்கா." உன் குரல் நடுங்கவில்லை, அதுதான் எனக்கு அதிகக் கோபத்தைத் தந்தது. "நான் இங்க வந்து இருந்த காலமெல்லாம் எங்க அம்மைய தூக்கிப் போட்டதும் குளிப்பாட்டினதும் எனக்க அண்ணனாக்கும். இப்பம் அவனுக்க மவனுக்கு நல்ல வேலை இல்ல. நான் வேற எத குடுப்பேன்?"

"அப்போ பாட்டா செஞ்சததான் நீயும் செய்யுத" என்றேன்.

"ஆமா. தெரிஞ்சுதான் செய்யுதேன்" என்றாய். "அவரும் தெரிஞ்சுதான் செஞ்சிருப்பாருன்னு இப்பமாக்கும் தோணுது."

நான் போனை வைத்துவிட்டேன். அந்தக் கோபத்துக்காக நான் வருத்தப்படவில்லை, இப்போதும் அது நியாயமான கோபம் என்றுதான் நினைக்கிறேன். ஆரதி அழவில்லை. "சித்திக்க இஷ்டம்லா அது" என்று சொல்லிவிட்டு, பாஷைப் புத்தகத்தை அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் போன் அடித்தால் நான் துணி எடுக்க மாடிக்குப் போய்விடுவேன்.

ஜூனில், இடவப்பாதி மழையோடு நீ வந்தாய். கோயில் பக்கத்தில் உன் அண்ணன் வீட்டில், உன் அம்மை கிடந்த அதே அறையில் உன்னைப் படுக்க வைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். நீ வந்த சூட்டோடு ஷைனி போய்விட்டாள். அவள் புருஷன் விழிஞ்ஞத்தில் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவான். அண்ணனுக்கு முட்டுவலி, தன் காலையே தூக்கி வைக்க முடியாதவர். உன்னைத் திருப்பிப் போட அந்த வீட்டில் யாரும் இல்லை. இத்தாலியில் ஒரு கிழவரைப் பார்க்க அந்த வீட்டில் இருந்த பெண்ணை அனுப்பியாயிற்று.

ஒரு நாள் காலையில் உன் அண்ணன் எங்கள் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். குடையை மடக்கவில்லை, உள்ளே வரவும் இல்லை. மழையைப் பற்றி ஏதோ சொன்னார். தேங்காய் விலையைப் பற்றிச் சொன்னார். வந்த காரியத்தை அவரால் சொல்ல முடியவில்லை. எனக்கு அது என்னவென்று தெரிந்துதான் இருந்தது, நானும் எடுத்துக்கொடுக்கவில்லை. அவர் திரும்பிப் போகக் காலெடுத்தபோது உள்ளே இருந்து ஆரதி வந்தாள். கையில் பை. ஆஸ்பத்திரிக்குப் போகும் பைதான். "மாமா நில்லுங்க, நானும் வாறேன்" என்றாள். என்னிடம் கேட்கவில்லை. நான் தடுத்திருந்தாலும் போயிருப்பாள்.

அவள் ஆஸ்பத்திரி வேலையை இரவுக்கு மாற்றிக்கொண்டு, பகலில் உன்னோடு இருந்தாள். உறங்கினாளா என்றால் எனக்குத் தெரியாது, கேட்டால் உறங்கினேன் என்பாள். காலையில் உன் அறைக்குள் நுழையும்போது "பொன்ஜோர்னோ சித்தி" என்று இத்தாலி பாஷையில் வணக்கம் சொல்வாளாம். நீ முதல் நாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாயாம். இரண்டாம் நாள் பதில் சொல்லி, அவள் உச்சரிப்பைத் திருத்தினாயாம். பிறகு நானும் காலேஜ் விட்டு வரும் வழியில் அங்கே இறங்கத் தொடங்கினேன். நாம் சமாதானம் பேசிக்கொள்ளவே இல்லை. நீ, "இந்த வாரம் என்ன பாடம்?" என்று கேட்டாய். நான் சொன்னேன். அவ்வளவுதான் நடந்தது.

ஷைனி வீடியோவில் வருவாள். முதலில் அழுதாள். பாட்டா அவள் கையால் சாப்பிட மாட்டேன் என்கிறார், உன் பேரைச் சொல்லித் தேடுகிறார் என்றாள். அப்போது உன் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்ததை நான் பார்த்தேன், உடனே நீ அதை மறைத்ததையும் பார்த்தேன். கொஞ்ச நாள் போனபிறகு அவள் அழுவதை நிறுத்தினாள். பிள்ளையைக் காட்டச் சொல்லிக் கேட்பதை மட்டும் நிறுத்தவில்லை. பட்டறையில் மகன் அதே டாப்பைத்தான் செய்கிறான், ஆட்கள் குறைந்துவிட்டார்கள் என்று நீ கேட்காமலே சொல்வாள்.

ஆவணி கழிந்து ஒரு பிற்பகலில் நான் வந்தபோது ஆரதி உனக்குத் தலை கழுவிக்கொண்டிருந்தாள். கட்டிலின் குறுக்கே உன்னைப் படுக்க வைத்து, கழுத்துக்குக் கீழே சுருட்டிய துணி, தலைக்குக் கீழே பேசின். முடி என்று அதிகம் மிச்சமில்லை. இருந்ததை ஒவ்வொரு பிடியாக எடுத்து நனைத்து, காதுக்குப் பின்னால் விரலால் துடைத்து, நெற்றியில் கைத்தலத்தை வைத்துக் கண்ணில் தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேகம் போதாது என்று மேட்ரன் அடிக்கடி திட்டுவதுண்டு. நான் ஓரமாக ஸ்டூலில் இருந்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டே பேசினாய்.

"எடி. நான் பாட்டாவ மொதல் வருஷம் குளிப்பாட்டும்போ எவ்வளவு நேரம் ஆச்சோ, கடைசி வருஷமும் அதே நேரம்தான் ஆச்சு. அவருக்க பட்டறையில எந்த மெஷின் வந்திருந்தாலும் அது குறைஞ்சிருக்காது. ஒரு நாடே கெழடானா எத்தனை பேருக்க கை இந்த வேலையில போய் நிக்கும்னு யோசிச்சுப் பாரு. இது உனக்க பொஸ்தகத்துல உண்டா?"

"உண்டு" என்றேன். "வேகமா செய்ய முடியாத வேலை பெருகினா நாட்டுக்க வளர்ச்சி மெதுவாகும். அதும் ஒரு காரணம்தான்."

"காரணம்னா எழுதிக்கோ. அதுல பிழை இல்ல." ஆரதியின் கை உன் தலையில் நகர்ந்துகொண்டிருந்தது. நீ சொன்னாய்: "ஆனா இத பாட்டாவுக்க மவனுக்க பக்கத்துல எழுதாத. அது வேற, இது வேற."

ஆரதி பேசினைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள், திரும்பி வரக் கொஞ்சம் தாமதமானது. அவள் வெளியே போன நேரம் பார்த்து நீ என் கையைப் பிடித்தாய். "நான் அவளுக்கு செய்யல. அவ எனக்கு செய்யுதா. இதுக்கு எனக்கு ஒரு சமாதானமும் கிடையாது மக்கா" என்றாய். நான் உன் கையை விடவில்லை. அதற்குப் பிறகு நீ பேசிய நாட்கள் கொஞ்சம்தான். கார்த்திகை மழை ஓய்ந்திருந்த ஒரு காலையில் ஆரதி உனக்குத் துணி மாற்றிக்கொண்டிருக்கும்போதே நீ போய்விட்டாய்.

இந்த வருஷமும் அந்தப் பாடத்தை எடுத்தேன். போர்டில் ஒரு பக்கம் எழுதினேன்: மாறாத மெஷின், வேண்டுமென்றே சின்னதாக வைத்த பட்டறை, தகுதி பார்க்காமல் கொடுத்த நாற்காலி, செத்த கடனை உயிரோடு வைத்திருக்கும் பாங்கு, ஊரை விட்டுப் போன மகள். மறுபக்கம், தனியாக, வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்று எழுதினேன். முன்பெஞ்சில் கோட்டுகாலில் இருந்து வரும் ஒரு பெண், "டீச்சர், அத மட்டும் ஏன் அங்க எழுதினீங்க?" என்றாள். முதல் பக்கத்தில் உள்ளதைத் திருத்தலாம், திருத்தவும் வேண்டும், இதை அப்படிச் சொல்ல முடியாது என்றேன். பரீட்சைக்கு எப்படி எழுத வேண்டும் என்று கேட்டாள். ஒரே வரிசையில் எழுது, மார்க் கிடைக்கும் என்றேன். நீ இருந்திருந்தால் இதற்கு என்னைச் சும்மா விட்டிருக்க மாட்டாய்.

போன வாரம் ஷைனி என்னையே கூப்பிட்டாள். பிள்ளை தன்னை அடையாளம் தெரியாமல் போனை விட்டு ஓடுகிறான், இனி முடியாது, ஊருக்கு வருகிறேன் என்றாள். பாட்டா இப்போது படுக்கையாகவே ஆகிவிட்டார். அவள் இடத்துக்குத் தன் தங்கையைக் கேட்டிருக்கிறாள், தங்கை மாசமாக இருக்கிறாள். நாத்தூனைக் கேட்டிருக்கிறாள், அவளுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாதாம். கடைசியில் பாட்டாவின் மகனே, இனியாவது பாஷை தெரிந்த ஒருத்தி வேண்டும், சைகை காட்டிக் காட்டி எங்களுக்குக் கை வலிக்கிறது என்று சொல்லிவிட்டானாம். ஷைனிக்குச் சொல்லவே கூச்சம். "ஆரதி வருவாளா மாமி?" என்றாள். சொந்தத்தில் ஆள் தீர்ந்த பிறகு வந்த அழைப்பு. எனக்குச் சிரிப்பும் வந்தது, பழைய கோபத்தில் பாதியும் வந்தது.

கேட்கிறேன் என்று சொன்னேன். கேட்கவில்லை. மூன்று நாளாக அதை வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். அடுத்த மார்ச்சில் நான் ஓய்வு பெறுகிறேன். இந்த வீட்டில் நானும் அவளும்தான். மாடிப்படி ஏறும்போது இப்போதெல்லாம் கைப்பிடியைப் பிடிக்கிறேன். இவளை இங்கேயே எங்கேயாவது ஒரு ஆஸ்பத்திரியில் ஒட்ட வைத்துவிடலாம், இருக்கிறது நல்லாத்தானே ஓடுகிறது என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. அந்த வார்த்தை யாருடையது என்று புரிந்தபோது எனக்கு வெட்கமாக இல்லை மக்கா, பயமாக இருந்தது. இத்தனை வருஷம் போர்டில் எழுதிய அந்தக் கிழவரை நான் இப்போதுதான் சரியாகப் பார்த்தேன். அவருக்கு டாப்பும் தெரியும், மகனையும் தெரியும். தனியாகிவிடுவோம் என்ற பயம் எல்லாவற்றையும்விட முந்திக்கொண்டிருக்கும்.

நேற்றுச் சாயங்காலம் சொல்லிவிட்டேன். ஆரதி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி.

"அப்போ அம்மைக்கு ஆரு உண்டு?"

"எனக்கு வேண்டிய ஆள நான் பாத்துக்கிடுதேன். நீ போயிட்டு வா" என்றேன்.

அப்படி ஒரு ஆள் இல்லை என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, அலமாரியின் மேல்தட்டில் இருந்த அந்தப் பாஷைப் புத்தகத்தை எடுக்க ஸ்டூல் போட்டு ஏறினாள். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.